கொஞ்சம் வானம்

ஜூன் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே இரண்டு பேரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அந்தக் குளிர் ஊரில் காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கொள்கிறாயா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இந்தக் கவரில் ஒரு ஃபிலிம் ரோல் இருக்கிறது. அலமாரியைச் சுத்தம் செய்யும்போது உன் அப்பாவின் பழைய கேமரா கிடைத்தது. நம் தோட்டத்துப் பூக்களையெல்லாம் படம் எடுத்தால் என்ன என்று எனக்கு ஒரு ஆசை. எடுத்துவிட்டேன். இங்கே இருந்த ஸ்டுடியோக்காரர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். படம் கழுவுகிற கடையில் நாத்தனார் ஒருத்தி வேலை பார்க்கும்போது நான் ஏன் ஊர் ஊராக அலைய வேண்டும்? கழுவி, பிரிண்ட் போட்டு, ஒரு செட் அனுப்பு. எப்படி இருக்கிறது என்று முகத்துக்காகப் பேசாமல் சொல்.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாமே என்பாய். வீட்டு ஃபோனைக் கண்ணாடிக் கடைக்கு மாற்றிவிட்டோம். அடித்தால் எடுப்பது உன் அண்ணன். ஒன்றரை வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் கட்டிக் காக்கிற மௌனத்தை நான் எதற்கு மணியடித்துக் கலைக்க வேண்டும்?

அவர் சுகம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால், கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளைகளோடு கடையில் கூட்டம். எனக்கும் சீருடை தைத்து முடியவில்லை. வாசல் பக்கம் கட்டிய தையல் அறையில்தான் பொழுது முழுக்க இருக்கிறேன். அந்த அறையைப் பற்றி உனக்கு எழுதக் கூடாது என்று தெரியும். எழுதாவிட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும்?

உன்னைப் பற்றி அவர் கேட்பதில்லை. நானாகச் சொன்னால் காதில் விழாத மாதிரி இருப்பார். ஆனால் சொல்லி முடிக்கிறவரை எழுந்து போவதும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலைத் தள்ளிப் போடாதே.

அண்ணி

*

ஜூன் 23

அன்புள்ள அண்ணிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இங்கே இப்போது கோடை. சாக்ஸ் போட்டால் ஊர் சிரிக்கும். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மெஷினே கதி என்று உட்கார்ந்திருக்காமல் நடுநடுவே எழுந்து நடக்கிறீர்களா?

மதிய இடைவேளையில் ரோலை நானே கழுவினேன். நாள் முழுக்க யார் யாருடைய கல்யாணத்தையும் கடற்கரையையும் பிரிண்ட் போடுகிற மெஷினிலிருந்து, நம் வீட்டுச் சுவரும் கிணற்றடிக் குழாயும் சூடாக வந்து விழுந்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. ரொம்பச் சந்தோஷம் அண்ணி.

இப்போது முகத்துக்காகப் பேசாமல் சொல்கிறேன். ஒரு பூவுக்கும் தலை இல்லை. ரோஜா பாதியோடு நிற்கிறது. சூரியகாந்திக்குத் தாடி மட்டும் தெரிகிறது. சாமந்தி இருக்க வேண்டிய இடத்தில் அதன் தொட்டி பிரமாதமாக விழுந்திருக்கிறது.

இப்படிப் படம் எடுக்கிற ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். என் ஏழாவது பிறந்தநாளுக்குப் புது உடுப்பு போட்டு, கையில் பலூன் கொடுத்து, வாசல் மந்தாரை மரத்தடியில் என்னை நிற்க வைத்து அண்ணன் ஒரு படம் எடுத்தான். படம் வந்தபோது உடுப்பு இருந்தது, பலூன் இருந்தது, கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் வைத்த பெயர்தான் தலைவெட்டி. அப்பா சிரித்துப் புரையேறி, அம்மா அவர் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். அதற்குப் பிறகு வீட்டில் நான் அவனை அண்ணா என்று கூப்பிட்டதைவிட அந்தப் பெயரால் கூப்பிட்டதுதான் அதிகம். அதை இங்கே எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

குற்றம் உங்களுடையது இல்லை, கேமராவுடையது. நாம் கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னல் மேலே இருக்கிறது. படம் பிடிக்கிற லென்ஸ் அதற்குக் கீழே. தூரத்தில் இருப்பதை இரண்டும் ஒன்றாகத்தான் பார்க்கும். கிட்டே போனால்தான் தகராறு. ஜன்னலுக்குத் தெரிகிற தலை லென்ஸுக்குத் தெரியாது. அதனால் பூவுக்கு மேலே கொஞ்சம் வானம் விட்டு எடுங்கள். வீணாகப் போகிறதே என்று தோன்றும். பரவாயில்லை, விடுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். செம்பருத்தியை மேலேயிருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்தச் செடி உங்களைவிட உயரம். நம் வீட்டில் அதைக் குனிந்து பார்க்கிற உயரம் ஒருவருக்குத்தான் உண்டு.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். எனக்கு அடுத்த ரோல் வேண்டும்.

சுண்டு

*

ஜூலை 17

அன்புள்ள சுண்டுவுக்கு,

நீ நன்றாக இருப்பது எழுத்திலேயே தெரிகிறது, வாய் குறையவில்லை. என் இடுப்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

செம்பருத்தியை ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். தையல் அறையில் அந்த ஸ்டூல் இருக்கிறது. சந்தேகம் என்றால் வந்து பார். வந்து பார் என்பதைச் சும்மா எழுதவில்லை.

உன் யோசனை வந்த நாளிலிருந்து இங்கே வேறு வேலையே நடக்கவில்லை. காலையில் எழுந்ததும் தோட்டம்தான். ரோஜாவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காற்று நிற்கட்டும் என்று காத்திருப்பது என்ன சுகம் தெரியுமா? காற்று நின்றால் வெயில் மேகத்துக்குள் போய்விடும். வெயில் வந்தால் தேனீ வந்து உட்காரும். தேனீயே நல்ல படம் என்று அழுத்தப் போனால் அது வேறு பூவுக்குப் போயிருக்கும். கால் மரத்துப் போனதுகூடத் தெரியாது. “எட்டு மணிக்கு மேல எடுத்தா பூ வெளுத்துப் போயிடும், அதுக்கு முன்னாடி எடுக்கணும்” என்று அவர் சொன்னார். அதாவது, ரேடியோவில் ஒருவர் சொன்னார்.

மழை பெய்த மறுநாள் குழாயடியில் லில்லி கூட்டமாகக் கிளம்பிவிட்டது. அந்திமல்லி சாயங்காலம் விரியும்வரை எதிரிலேயே உட்கார்ந்து, விரிகிற நேரம் பார்த்து எடுத்தது இந்த ரோலில் இருக்கிறது. டீ ஆறிப் போய் இரண்டு தடவை சுடவைத்துக் கொடுத்தேன். எனக்குத்தான், நானே கொடுத்துக்கொண்டேன்.

உன் அண்ணன் இப்போதெல்லாம் கடையைத் தாமதமாகத் திறக்கிறார். ஏன் என்று கேட்டால் செடிக்குத் தண்ணீர் விடுகிறாராம். வெளியே மழை கொட்டுகிறது.

நீ அனுப்பிய செட்டைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன். எடுத்து வைத்தால் மறுபடி யாரோ பரப்பி வைக்கிறார்கள்.

கோடை என்று குளிர்ந்த தண்ணீரைக் குடித்து இருமலை இழுத்துக்கொள்ளாதே.

அண்ணி

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம், இருமல் இல்லை. நீங்களும், டீ ஆறிப் போனவரும் நலம்தானே?

இரண்டாவது ரோல் முதலாவதைவிட நூறு மடங்கு தேவலை. அந்திமல்லிக்கு முக்கால் தலை வந்துவிட்டது. லில்லிக்கு நெற்றிவரை. மழைத்துளியோடு இருக்கிற ரோஜாவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கடை ஜன்னலில் மாட்டியிருக்கிறேன். எங்கள் முதலாளியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்தவருக்குப் பொறுமை ஜாஸ்தி, ஆனால் ஏன் கொஞ்சம் பயந்து பயந்து எடுக்கிறார் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும்.

அது இருக்கட்டும். மல்லிகைக்கொடிப் படத்தில் பின்னால் ஒரு பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். வழக்கம்போலத் தலை இல்லை. ஆனால் கழுத்திலிருந்து இஞ்சு டேப் தொங்குகிறது. நீங்கள் கேமராவும் கையுமாக நின்ற அதே நேரத்தில், உங்கள் டேப்பை மாட்டிக்கொண்டு, உங்கள் வாளியோடு, உங்கள் தோட்டத்தில் நடமாடுகிறவள் யார்? கதவைப் பூட்டி வையுங்கள்.

எனக்குக் காது குத்தாதீர்கள் என்று எழுத வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். எடுக்கிறவர் உயரமாக இருந்தால், அதாவது ஸ்டூலில் ஏறி நின்றால், பூவின் உச்சந்தலைதான் தெரியும். பூவின் உயரத்துக்கு இறங்கி, மண்ணில் உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள். முட்டி வலித்தால் கீழே ஒரு சாக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

இத்துடன் நான் எடுத்த ஒரு படம். வேலைக்குப் போகிற வழியில் உள்ள பூங்கா. இங்கே பூவெல்லாம் வரிசை தப்பாமல் நிற்கும். நம் தோட்டத்தில் அடித்துப் பிடித்து முண்டுகிற மாதிரி இல்லை.

சுண்டு

*

செப்டம்பர் 6

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம். பூங்காப் படத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் நீ இல்லை. இளைத்துவிட்டாயா என்று பார்க்க ஆசையாக இருந்தது.

அந்தப் பெண் தைக்கக் கொடுக்க வந்தவள். டேப் அவளுடையது. சொந்த டேப்போடு வருகிறவர்கள் சிலர் உண்டு. இதற்கு மேல் என்னைக் கேட்காதே, எனக்குப் பொய் சொல்ல இடம் தீர்ந்துவிட்டது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் மதியச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். உன் அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதர் ஒருவர் வந்தார். பழைய உரிமையில், “என்னடா தலைவெட்டி, எப்படி இருக்க?” என்றார். உன் அண்ணன் லென்ஸ் துடைக்க வேண்டும் என்று உள்ளே போனவர், அவர் கிளம்புகிறவரை வெளியே வரவில்லை. நான்தான் அசட்டுச் சிரிப்பு சிரித்து அவரை அனுப்பி வைத்தேன்.

மரம் சாய்ந்து கிடந்த அன்று நீ வாசலில் நின்று, வேலையாட்கள், பக்கத்து வீட்டார் எல்லோர் முன்னாலும் சொன்னது உனக்கு நினைவிருக்கும். “அம்மா வச்ச மரத்தோட தலையையே வெட்டிட்ட. பேருக்கேத்த ஆளுதான் நீ.” அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். மரத்தைப் பற்றி நீ திட்டியதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது, சுண்டு. அந்தப் பெயர் மட்டும் உள்ளே எங்கேயோ குத்திக்கொண்டு நிற்கிறது.

நியாயம் பேச எனக்கு வாய் இல்லை. மரம் போனது என் தையல் அறைக்காக. அந்த அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மந்தாரை பூத்தால் வாசலே இளஞ்சிவப்பாகக் கிடக்கும், பெருக்கவே மனசு வராது. எனக்கும் அது பிடித்த மரம் என்று உங்கள் இரண்டு பேரிடமும் இதுவரை சொன்னதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தையல் மெஷின் மேல் வைப்பேன். திரும்பி வந்து பார்த்தால் அது வேறு மாதிரி மடிந்திருக்கிறது.

உடம்பைக் கவனி. அங்கே குளிர் தொடங்கிவிடும்.

அண்ணி

*

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், இளைக்கவில்லை. இங்கே இலையெல்லாம் மஞ்சளாகி, சிவப்பாகி உதிர்கிறது. பூவே இல்லாத இந்தச் சமயத்தில் இலைகள்தான் பூ வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. தினமும் பூங்கா வழியாகவே போகிறேன். ஒரே மரத்தைத் தினமும் எடுத்தேன், தினமும் வேறு மரமாக இருந்தது.

மெஷின் மேல் வைக்கிற கடிதம் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

மரத்தை வெட்டியது தப்பு. இன்றைக்கும் எனக்கு அதில் மாற்றம் இல்லை. அறையை இரண்டடி தள்ளிக் கட்டியிருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கோபத்துக்கு நான் அந்தப் பெயரை எடுத்திருக்கக் கூடாது. அது சிரித்துக்கொண்டே வைத்த பெயர். திட்டுவதற்கு வேறு எத்தனையோ சொல் இருந்தது. ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசினேன். வீசிய பிறகுதான் அது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான பொருள் என்று உறைத்தது. எனக்கும் இப்போது அவனைக் கூப்பிட வேறு பெயர் இல்லை.

உங்கள் தையல் அறைமேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இல்லை அண்ணி. அதை மனதில் வைத்துக்கொண்டு ஊசியைக் கையில் குத்திக்கொள்ளாதீர்கள்.

இதுவரை வந்த ரோல்களில் தோட்டத்தை மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டேன். கேட் பக்கம் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. அங்கே பூ இல்லை என்று தெரியும். இருந்தாலும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

சுண்டு

*

நவம்பர் 24

அன்புள்ள சுண்டுவுக்கு,

பதில் தாமதம் ஆகிவிட்டது, என்மேல் வருத்தப்படாதே. இரண்டு பேரும் சுகம்.

உன் கடிதம் வந்த மறுநாள் கேமரா அலமாரிக்குள் போய்விட்டது. அந்த மாதம் முழுக்க ஒரு படம்கூட எடுக்கவில்லை. ரோஜா பூத்துக் குலுங்கியது, தானாகக் கொட்டியது. உன் அண்ணன் காலையில் சீக்கிரமே கடைக்குக் கிளம்பிவிடுவார். நான் தேவையில்லாமல் வாயைக் கொடுத்து, இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்து போன நாட்கள் எத்தனையோ.

நேற்று மெஷின் மேல் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. திறந்தால் உள்ளே ரோல். சாப்பிட உட்கார்ந்தபோது அவர், “தபால் ஆபீஸ் நாலு மணி வரைக்கும்தான்” என்றார்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. கேட்டுக்கும் தையல் அறைக்கும் நடுவே கிடக்கிற மண்ணில் தைக்க வருகிறவர்கள் சேற்றை மிதித்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். வருஷம் பிறந்த கையோடு அங்கே சிமென்ட் போட்டுவிடுவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்.

ஸ்வெட்டர் போதவில்லை என்றால் எழுது, அளவு என்னிடம் இருக்கிறது.

அண்ணி

*

டிசம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்கவெல்லாம் நேரமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். கொத்தனாரை நிறுத்துங்கள்.

ரோல் முழுக்கக் கேட் பக்கம்தான். வெறும் மண். சுவர். உங்கள் அறையின் படி. வெட்டிய இடத்தில் பரப்பிய செங்கல் துண்டுகள். பூ இல்லாத படத்தை யாரும் இவ்வளவு கவனமாக எடுத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சுவரோரமாக எடுத்த படத்தில், மேல் ஓரத்தில், செங்கல் இடுக்கிலிருந்து ஒரு களை எட்டிப் பார்த்தது. தலை இல்லை. ஆனால் கீழே ஓர் இலை இருந்தது. அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டேன். இலை நடுவில் பிளந்திருக்கிறது. அண்ணி, அது களை இல்லை. மந்தாரை.

கோடையில் அந்தக் காய்கள் வெடித்து விதை தெறிக்குமே. மதியத் தூக்கத்தில் சட்டென்று சத்தம் கேட்டு அம்மா எழுந்து உட்கார்வாள். அதில் ஒன்று செங்கலுக்கு அடியில் போய்க் கிடந்திருக்கிறது. எடுத்தவருக்கு அது கண்ணில் பட்டிருக்காது. அவர் மரம் இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அடித்தேன். “கண்ணாடிக் கடை” என்றான். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மரத்தில் தொடங்கிய சண்டை. இத்தனை நாள் கழித்துப் பேசுகிற முதல் பேச்சும் மரமாக இருந்தால் மறுபடி அங்கேயே போய் முடிந்துவிடும் என்று பயம். அவன் “ஹலோ” என்றான். பிறகு ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தான். அவன் வைக்கவில்லை, அண்ணி. நான்தான் வைத்தேன்.

இந்தக் கடிதம் கொத்தனாருக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

சுண்டு

*

ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? போன கடிதம் கிடைத்ததா? தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

இங்கே எல்லாம் வெள்ளை. எடுக்க ஒரு பூ இல்லை. காலையில் ஜன்னல் கண்ணாடியில் பனி படர்ந்து தானாக ஒரு கொடி மாதிரி வந்திருந்தது, அதை எடுத்தேன். கெட்டில் ஆவி பட்டதும் அழிந்துவிட்டது.

சிமென்ட் போட்டாகிவிட்டது என்றால் அதையாவது எழுதுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சுண்டு

*

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

முதலில் இது. செடி இருக்கிறது. இப்போது நிதானமாகப் படி.

உன் விரைவுத் தபால் வந்த நேரம், வருஷம் பிறக்கும் முன்பே வந்துவிட்ட கொத்தனார் வாசலில் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். நான் பொத்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். சிமென்ட் வேலை என்று உன் அண்ணன் அன்றைக்கு வீட்டில் இருந்தார். என் பெயருக்கு வந்த கடிதத்தை அவரே பிரித்திருக்கிறார். அதுவரை மடிப்பை மாற்றுவதோடு சரி, உறையைப் பிரித்ததில்லை.

நான் திரும்பி வந்தபோது, கொத்தனார் கையில் கரண்டியோடு ஒரு பக்கம் நிற்கிறார். உன் அண்ணன் செங்கலுக்கு நடுவே மண்டியிட்டு, கடைக்குப் போட்டுப் போகிற நல்ல கால்சட்டையோடு, தரையில் கன்னம் படுகிற மாதிரி எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். விழுந்துவிட்டார் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. “கிட்ட வராத, மிதிச்சுடுவ” என்றார். அவ்வளவுதான். செடியைச் சுற்றி ஒரு முழம் மண்ணை விட்டுவிட்டு மீதிக்குத்தான் சிமென்ட் போட்டது. வளைத்துப் போட வேண்டியிருந்ததால் கொத்தனாருக்கு மூக்குக்கு மேல் கோபம். தைக்க வருகிறவர்கள் இப்போது செடியைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். யாராவது ஓரத்தில் கால் வைத்தால் எனக்கே குரல் உயர்ந்துவிடுகிறது.

உடனே எழுத விடாமல் என்னைப் பிடித்து வைத்தவர் அவர். “ரோல் முடியட்டும், சேர்த்து அனுப்பலாம்” என்றார். இத்தனை நாள் தினமும் காலையில் அந்த ஒரு சாண் செடிக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்தார். எதிர் வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து, சாருக்கு உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்கள்.

டிசம்பரில் ஒருநாள் கடையிலிருந்து வந்தவர், அலமாரியில் கம்பளி நூல் இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு என்றேன். “அவளுக்குச் சளி பிடிச்சிருக்கு போல. மூச்சு அடைச்சுக்கிட்டு இருந்துச்சு” என்றார். எவளுக்கு என்று கேட்டால் நூலைத் தேடப் போய்விட்டார். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஸ்வெட்டர் தனிப் பார்சலில் வருகிறது.

படம் எடுத்தது நான் இல்லை. உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கேமராவில் எந்தப் பொத்தான் எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சட்டைப் பொத்தான்.

ரோல் டப்பாவுக்குள் ஏதோ ஒரு சீட்டைச் சுருட்டி வைத்தார். என்னைப் பார்க்க விடவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. அதில் என்ன இருந்தாலும் நல்லபடியாக எடுத்துக்கொள்.

அண்ணி

*

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். சளி போய்விட்டது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் முட்டி எப்படி இருக்கிறது? தரையில் படுக்கிறவன் சாக்கு விரித்துக்கொள்ள வேண்டும் என்று ஆகஸ்டிலேயே எழுதியிருந்தேனே.

டப்பாவிலிருந்த சீட்டு கிடைத்தது. கண் பவர் எழுதிக் கொடுக்கிற சீட்டின் பின்பக்கம், அதே கோழிக்கிறுக்கல். “தலை வந்திருக்கிறதா, பார்.” அதற்குக் கீழே நீ போட்டிருந்த கையெழுத்தை நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “தலைவெட்டி” என்று நீயே உன் கையால் எழுதி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முதலாளியம்மா என்ன ஆயிற்று என்று கேட்டார். கண்ணில் மருந்து பட்டுவிட்டது என்று சொன்னேன். நம்பவில்லை.

ரோலைக் கழுவினேன். முப்பத்தாறு படம், ஒரே செடி. ஒவ்வொன்றாக மெஷினிலிருந்து வந்து விழுந்தன. தலை வெட்டுப்பட்டுவிடுமோ என்று பயந்து எவ்வளவு வானம் விட்டிருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது, பிரிண்ட் போட்டவளுக்குத்தான் தெரியும். தாளில் முக்கால்வாசி வானம்தான். மேகம் போவது, வெயில் வருவது, ஒரு படத்தில் காக்கை பறப்பது எல்லாம் இருக்கிறது. கீழே ஓரத்தில், விரல் உயரத்துக்கு, நம் அம்மாவின் மரம்.

தலை வந்திருக்கிறது, அண்ணா. கடைசித் தளிர் உட்பட முழுசாக வந்திருக்கிறது. ஆனால் வேர்ப் பக்கம் ஒன்றும் இல்லை, தண்டு பாதியிலேயே நிற்கிறது. இந்தத் தடவை காலை வெட்டிவிட்டாய்.

ஒரு செட் பிரிண்ட் இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் படத்தை அண்ணியின் தையல் அறையில் மாட்டச் சொல். அண்ணிக்கும் அது பிடித்த மரமாம், உன்னிடம் சொன்னார்களா?

மார்ச் கடைசியில் எனக்கு இரண்டு வாரம் லீவு. டிக்கெட் எடுத்துவிட்டேன். செடி இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே என்னை நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக் கொடு. புது உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறேன்.

கழுத்துக்கு மேலே உன் இஷ்டம்.

சுண்டு